வலது காதில் சொன்னது

டாக்டர் மங்கையர்க்கரசி முதன்முதலாக ஒரு காது கேளாத குழந்தைக்குக் காதின் பின்னால் எலும்பைக் குடைந்து திறந்தபோது, உள்ளே இருந்து ஒரு பெரியவர், வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவர் குரலில், "லோகேஸ்வரி, லோகேஸ்வரி, லோகேஸ்வரி" என்று மூன்று தடவை சொன்னார்.

மயக்க மருந்து டாக்டர் நிஜாமுதீன் நாடித்துடிப்பு ஓடும் திரையைப் பார்த்தார். அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஞானமணி பஞ்சுகளை இன்னொரு தரம் எண்ணினார். அதுவும் சரியாக இருந்தது. பாதி திறந்த எலும்பை வைத்துக்கொண்டு யாரும் விவாதம் நடத்த முடியாது என்பதால் டாக்டரம்மா மறுபடி காலால் மிதியை அழுத்தினார், டிரில் சுற்ற ஆரம்பித்தது, நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் உட்காதுக்குள் மயிரிழைக் கம்பி போய்ச் சேர்ந்தது, தையல் போட்டார்கள், கை கழுவினார்கள், டீ வந்தது. டீயைப் பாதி குடித்த பிறகுதான் சிஸ்டர், "பேரு நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்றார்.

வெளியே காத்திருந்த குழந்தையின் அப்பாவிடம், உங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர் யார் என்று டாக்டரம்மா கேட்டார். ஆபரேஷன் எப்படி ஆயிற்று என்று சொல்லப் போகிறார் என நின்ற மனுஷன் குழம்பிப்போய், "எங்க பெரியப்பாருங்க. அவருதான் பாப்பாளுக்குப் பேரு வெச்சாரு. அவரு செத்து வருசம் மூணாச்சுங்களே" என்றார்.

கரட்டூர்ப் பக்கம் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறபோது ஒரு வெற்றிலையைக் குவித்து வலது காதோரம் பிடித்துக்கொண்டு பெயரை மூன்று முறை சொல்வார்கள். அத்தை சொல்லும் வீடு உண்டு, தாய்மாமன் சொல்லும் வீடு உண்டு, பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லும் வீடும் உண்டு. கேட்கிற காது பெயரை வாங்கி உள்ளே அனுப்பிவிடும். கேட்காத காதில் சொன்ன பெயர் என்ன செய்யும், பாவம், பூட்டின வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, திரும்பிப் போக மனசில்லாமல், உள்ளே நுழைய வழியும் இல்லாமல், யாராவது வந்து திறப்பார்கள் என்று அங்கேயே உட்கார்ந்திருக்கும். டாக்டரம்மா திறந்தார், அது எழுந்து வெளியே வந்தது. இதற்குமேல் அதற்கு ஒரு விளக்கம் சொல்ல கரட்டூரில் ஆள் கிடையாது, கேட்டவர்களும் இல்லை.

உள்ளதைச் சொன்னால் மங்கையர்க்கரசி காது டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் இல்லை. கண் டாக்டராக ஆசைப்பட்டார், மார்க் கொஞ்சம் இடித்தது, காது மூக்கு தொண்டையில்தான் இடம் கிடைத்தது. மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்ட பிள்ளைகளையும் தொண்டையில் மீன்முள் சிக்கிய பெரியவர்களையும் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம் என்று வந்தவரை, நாலு வயதாகியும் பேசாத குழந்தைகள் ஒவ்வொன்றாக வந்து பிடித்துக்கொண்டன. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். நாக்குக்குக் கீழே வெட்டிவிடச் சொன்னார்கள், கோயில் மணியை வாங்கி வந்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார்கள், காதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பித்தளை மணியையும் ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி, ஊர் ஊராகப் போய், தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகளின் தலைமாட்டில் நின்று தட்டைத் தட்டினார். திடுக்கிட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார், அசையாமல் கிடந்த பிள்ளையின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, யார் யாரைக் கட்டினார்கள் என்று வட்டமும் சதுரமுமாகப் படம் வரைந்தார். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டின வீடுகளில் அந்தப் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். அதைச் சொன்னதற்கு ஒரு வீட்டில் சோற்றுத் தட்டைப் பாதியில் எடுத்தே விட்டார்கள். "எங்க சனத்தக் குத்தஞ்சொல்ல வந்தியா?" என்று கேட்டவரிடம், "சனத்தச் சொல்லலீங்க. ரத்தத்தச் சொல்றேன். அடுத்த புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி என்னை வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவாமலே பஸ் ஏறினார். அடுத்த வருஷம் அதே வீட்டிலிருந்து வந்தார்கள். அதற்குள் அவருக்குக் காதம்மா என்று பெயர் விழுந்திருந்தது, டாக்டர் மங்கையர்க்கரசி என்று சொன்னால் ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கே யார் என்று தெரியாது.

கம்பி வைக்கும் ஆபரேஷன் கரட்டூர் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு பெயர்களும் வந்தன. இரண்டாவது குழந்தைக்கும் வந்தது, பத்தாவது குழந்தைக்கும் வந்தது, பிறகு வராவிட்டால்தான் சிஸ்டருக்குக் கவலை என்று ஆயிற்று. முதலில் தியேட்டருக்குள்ளே மட்டும் கேட்டது, பெருங்குரல்காரர்கள் பெயர் வைத்திருந்தால் வராந்தா வரைக்கும் கேட்டது, ஆகையால் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து வராந்தாவில் உட்கார ஆரம்பித்தார்கள். செத்துப்போன மாமனார் குரல், கோபித்துக்கொண்டு போன சின்ன மாமன் குரல், வாய் ஓய்ந்து படுத்துவிட்ட பெரியம்மா தெம்பாக இருந்த காலத்துக் குரல், எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து மூன்று மூன்று முறையாக வந்தன. நான்தான் பேர் வைத்தேன் என்று ஏழு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு தாய்மாமன், உள்ளே இருந்து அத்தைக்காரி குரல் வந்ததும் செருப்பைக்கூடத் தேடாமல் எழுந்து போனார். முஸ்லிம் வீட்டுக் குழந்தைகளின் காதிலிருந்து பாங்கு வந்தது. நிஜாமுதீன் அது முடியும்வரை கைகட்டி நின்றார், சிஸ்டரும் நின்றார், டிரில்லும் நின்றது. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் காதில் ஒன்றும் இருக்காதே என்று ஞானமணி முன்கூட்டியே வருத்தப்பட்டு வைத்திருந்தார், ஆனால் அங்கேயும் ஞானஸ்நானம் முடிந்த கையோடு யாரோ ஒரு சித்தி பிள்ளையை வாங்கிக் காதோரம் பெயரைச் சொல்லிக் கொஞ்சித்தான் இருந்தாள். ஆஸ்பத்திரி நிர்வாகம் ரொம்ப யோசித்து, வராந்தாவில் இருபது பிளாஸ்டிக் நாற்காலி போட்டது; ஒப்புதல் படிவத்தில், அறுவையின்போது பெயர் வெளிப்பட்டால் அதைக் கேட்க உறவினர் ஐந்து பேருக்கு மேல் அனுமதி இல்லை என்று ஒரு வரியும் சேர்த்தது. நாற்காலி இருபது, அனுமதி ஐந்து பேருக்கு என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா ஆராய்ச்சிக்காரர் அல்லவா, அவர் சும்மா இருக்கவில்லை. டேப்பை வைத்துப் பதிவு செய்து பார்த்தார். டிரில் சத்தம் விழுந்தது, சிஸ்டர் தும்மியது விழுந்தது, பெயர் வந்த இடத்தில் மட்டும் நாடா மௌனமாக ஓடியது. "டேப்புக்கு யாரும் பேரு வைக்கலையே டாக்டர், அது எப்படிக் கேக்கும்?" என்றார் ஞானமணி. ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார், கூட்டத்திலிருந்து ஒரு பேராசிரியர் எழுந்து எத்தனை டெசிபல் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். காது கேளாமை பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையை வாங்கிக்கொண்ட பத்திரிகை, பெயர் பற்றிய பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னது, எடுத்துவிட்டார். ஆனால் தனக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொண்டார். எந்தக் குழந்தை, என்ன பெயர், எப்படிப்பட்ட குரல், எலும்பு எவ்வளவு திறந்தபோது வந்தது என்று ஒவ்வொன்றையும் எழுதினார். நாலு குழந்தைகளுக்கு, உட்காது வரைக்கும் போகாமல், காதுச் சவ்வைக் கொஞ்சம் தூக்கினதுமே பெயர் வந்துவிட்டது என்றும் எழுதி வைத்தார். ஒன்பது வருஷத்தில் நானூற்றுப் பதினொரு பெயர் சேர்ந்தது. ஒவ்வொரு பெயர் வந்தபோதும் வராந்தாவில் யாராவது அழுதார்கள், யாராவது சிரித்தார்கள், டாக்டரம்மாவுக்கும் மனசு நிறைந்திருந்தது.

அப்புறம்தான் மேகலா வந்தாள்.

மேகலா நூல் மில்லில் வேலை செய்கிறவள், இருபத்தாறு வயசு. அவள் புருஷன் செங்கோட்டுவேல் ரிக் வண்டியில், அதாவது போர்வெல் போடும் லாரியில், டிரில்லர். பாறைக்குள் இறங்குகிற இரும்பின் சத்தத்தை வைத்தே இன்னும் எத்தனை அடியில் தண்ணீர் என்று சொல்லிவிடுவான் என்று அந்தப் பக்கமே அவனைப் பற்றிப் பேசும். வருஷத்தில் பத்து மாசம் வடக்கே கிடப்பவன், மகள் பிறந்ததற்கு மூன்று நாள் லீவில் வந்து பெயர் வைத்துவிட்டுப் போனான். மகளுக்கு ஒன்றரை வயதாகும்போது சத்தீஸ்கர் பக்கம் ஒரு காட்டில் இரும்புக் குழாய் சரிந்து அவன் மேல் விழுந்தது. மகளுக்குக் காது கேட்காது என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

மூன்று வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேகலா ஒப்புதல் படிவத்தைப் படித்தாள். பக்கத்தில் அவள் நாத்தனார் பாவாயி உட்கார்ந்திருந்தாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, கல்யாணம் செய்து வைத்து, கடைசியில் அவன் உடம்பையும் வாங்கி அடக்கம் செய்தவள் பாவாயிதான். "பதினாலு பேருக்கு வேன் சொல்லியாச்சுங்க டாக்டரம்மா," என்றாள் பாவாயி. "என்ற தம்பி மெதுவாவே பேச மாட்டானுங்க. அந்த ரிக் வண்டி கம்ப்ரஸர் சத்தத்துல கத்திக் கத்தி, எந்தப் பேரையும் ரெண்டா ஒடச்சுத்தான் கூப்புடுவான். என்னையே பா... வாயிம்பான். வராந்தாவுல நல்லாக் கேக்கும். ஒருக்கா அதக் கேட்டுப்போட்டா எனக்குப் போதுமுங்க."

மேகலா படிவத்திலிருந்து தலையை எடுத்தாள். "பாப்பாளுக்குக் கேக்குமுங்களா?"

"எதும்மா?" என்றார் டாக்டரம்மா.

"அவங்கப்பா சொன்னது."

"பாப்பா மயக்கத்துல இருப்பாம்மா. மூணு வாரம் கழிச்சு மெஷினை மாட்டி ஆன் பண்ணின பிறகுதான் அவளுக்கு எதுவுமே கேக்கும். பெயர் ஒருதரம் வந்தா வந்ததுதான், மறுபடி வராது."

"அப்ப அவளுக்குன்னு சொன்னத வேன்ல வந்தவங்க, நர்ஸம்மா, நீங்க எல்லாரும் கேட்டுக்குவீங்க. அவ மட்டும் கேக்க மாட்டாளுங்களா?"

குறை சொல்கிற குரலில் அவள் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டாக்டரம்மாவின் கையில் இருந்த பேனா நின்றுவிட்டது. நானூற்றுப் பதினொரு பிள்ளைகளின் வலது காதைத் திறந்து, அவரவருக்கென்று காத்திருந்த குரலை ஊருக்கெல்லாம் கேட்கவைத்து, அந்தப் பிள்ளைகளை மட்டும் தூங்கவைத்திருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஒன்பது வருஷமாகத் தன்னோடு நின்ற ஞானமணியைத் திரும்பிப் பார்த்தார், ஞானமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணுமுங்க," என்றாள் மேகலா. "மூணுவாட்டி பேரைச் சொல்லிப்போட்டு, நாலாவதா அவ காதுல என்னமோ சொன்னாருங்க. அப்ப மட்டும் மெதுவாச் சொன்னாரு. என்ன சொன்னீங்கன்னு நான் கேட்டேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ளன்னு சொல்லிச் சிரிச்சாரு. நான்கூடக் கேக்கக் கூடாதுங்க அத."

பாவாயி எழுந்து நின்றாள். "என்ற தம்பி கொரலு எனக்கு வேண்டாமுன்னு நீ எப்படிச் சொல்லுவ? அவனுக்குச் சோறூட்டுனவ நானு" என்றாள். பாவாயி வேனுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனவள், அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

டாக்டரம்மா படிவத்தில் வலது என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு இடது என்று எழுதினார். அவர் படித்த இடத்தில் வலது காதில் ஆரம்பிப்பார்கள், அதனால் அவரும் எல்லோருக்கும் வலது காதிலேயே செய்துகொண்டிருந்தார், அதற்குமேல் அதற்கு ஒரு காரணமும் கிடையாது. இடது காதிலும் அதே எலும்பு, அதே நத்தைக் கூடுதான். வலது காதில் இருப்பது, பாப்பா கேட்கப் பழகும்வரை அங்கேயே இருக்கட்டும். இடது காதில் கம்பியை வைத்தார், அன்றைக்குத் தியேட்டரில் டிரில் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை, வராந்தாவில் இருபது நாற்காலியும் காலியாக இருந்தன.

ஆனால் கம்பி வைத்துவிட்டால் பிள்ளை மறுநாளே கேட்டுவிடும் என்று நினைப்பது டாக்டர் அல்லாதவர்கள் நினைப்பு. முதலில் எல்லாமே இரைச்சல். எது காக்கா, எது மிக்ஸி, எது அம்மா என்று ஒவ்வொன்றாகப் பழக வேண்டும், அதற்கு வாரம் இரண்டு நாள் பேச்சு டீச்சரிடம் வர வேண்டும். டீச்சர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளாதபடி கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவார், பிள்ளை காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும். மேகலாவுக்கு மில்லில் ஷிப்ட். யார் கூட்டிக்கொண்டு வருவது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை பாவாயி வந்து, மேகலாவிடம் ஒரு வார்த்தை பேசாமல், பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவள்தான் வந்தாள்.

அந்த ஒன்றரை வருஷமும் கரட்டூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெயரை யாரும் வாயால் சொல்லவில்லை. பிள்ளையின் பெயரை முதலில் அவள் அப்பாதான் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று மேகலா ஒரே முடிவாக இருந்ததால், சீட்டில் முதல் எழுத்து மட்டும் எழுதினார்கள், டீச்சர் பாப்பா என்று கூப்பிட்டார், அங்கன்வாடியில் பாப்பா என்று கூப்பிட்டார்கள், மருந்து கொடுக்கிற ஜன்னலில் மைக்கில் பெயர் படிக்கிற ஆள் அவள் முறை வந்ததும் மைக்கை அணைத்துவிட்டுக் கையைக் காட்டினார், டீக்கடைக்காரர்கூடத் தெரியாத்தனமாக வாயில் வந்துவிட்டால் பாவமாகிவிடும் என்று அவளைக் கண்டாலே மௌனச் சாமியார் ஆகிவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பாவாயி இந்த விஷயத்தில் எல்லோரையும்விடக் கறாராக இருந்தாள். டீச்சர் அறையின் மூலையில் உட்கார்ந்து, பிள்ளை காக்காயைக் கண்டுபிடித்த நாளையும், மழையைக் கண்டுபிடித்த நாளையும், "அத்தே" என்று முதல் தடவை கூப்பிட்ட நாளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். தம்பி குரலுக்கு ஏங்கின நெஞ்சுக்குள் வேறொரு ஏக்கம் எப்போது வந்து உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியாது.

டாக்டரம்மா அந்த நாட்களில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கார்டு போட்டார். முதலில் லோகேஸ்வரி வந்தாள், பதிமூன்று வயசு, இரட்டைச் சடை, நன்றாகவே பேசினாள். டாக்டரம்மா வெற்றிலை ஒன்றை மடித்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, தனக்கு நினைவிருந்த அந்தப் பெரியவர் குரலைத் தன்னால் ஆனமட்டும் பிடித்து, அவள் காதோரம் மூன்று முறை சொன்னார். "இது உனக்கு வந்தது கண்ணு. நான் வாங்கி வெச்சுக்கிட்டேன், தப்பு" என்றார். "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். இப்படி நானூற்றுப் பதினொரு பேருக்கும் சொல்ல அவருடைய மீதிச் சர்வீஸ் போதுமா என்பது சந்தேகம்தான்.

பாப்பாவுக்கு நாலரை வயதானபோது, இனிமேல் பெயர் என்றால் என்ன, கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும் என டீச்சர் சொன்னார். விழித்திருக்கும்போதே வலது காதைத் திறக்க வேண்டும். டிரில் வைக்க முடியாது. மரத்துப்போகிற மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து, சவ்வில் ஒரு ஊசிமுனைத் துளை போடலாம். நாலு குழந்தைகளுக்குச் சவ்வு அசைந்ததுமே வந்ததே, அந்த ஒரு நம்பிக்கைதான். வராமலே போகலாம். வந்தாலும், டேப்பில் விழாத குரல் பாப்பாவின் இடது காதில் மாட்டியிருக்கிற மெஷினில் விழுமா என்பது அடுத்த பயம். விழாவிட்டால் பெயர் காற்றோடு போய்விடும், அப்புறம் ஜென்மத்துக்கும் கிடையாது. இதையெல்லாம் மேகலாவிடம் மறைக்காமல் சொன்னார். "அவரு நாளெல்லாம் மெஷின்கூடப் பேசினவருங்க," என்றாள் மேகலா. "இந்த மெஷின் எம்மாத்தரம்."

மற்றவர்கள் கேட்கக் கூடாது என்பதற்கு வழி சொன்னவர் ஞானமணி. காது மெஷினுக்கு அச்சு எடுப்பதற்கு ரோஸ் நிறத்தில் ஒரு பசை உண்டு. பிசைந்து காதுக்குள் அடைத்தால் ஐந்து நிமிஷத்தில் ரப்பர் மாதிரி இறுகிக்கொள்ளும், இடி இடித்தாலும் கேட்காது. ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரம்மா தன் இரண்டு காதையும் அதனால் அடைத்துக்கொண்டார், ஞானமணி அடைத்துக்கொண்டார், நிஜாமுதீன் தனக்கு அங்கே வேலையே இல்லாவிட்டாலும் வந்து அடைத்துக்கொண்டார். வராந்தாவில் அன்றைக்கு இருபது நாற்காலியும் நிறைந்திருந்தன. மேகலாவும், பாவாயியும், அன்று வேனில் வர இருந்து வராமல் போன பதினாலு பேரும், பேச்சு டீச்சரும், மருந்து ஜன்னல் ஆளும், டீக்கடைக்காரரும், ஆஸ்பத்திரி வாட்ச்மேனும் வரிசையாக உட்கார்ந்து, அவரவர் காதை அவரவர் அடைத்துக்கொண்டார்கள். பாவாயி பசையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உருட்டினாள். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு இரண்டு காதிலும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்துவிட்டு, மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காது கேளாத பிள்ளைகளுக்கென்று இருந்த அந்தக் கட்டடத்தில் அன்றைக்குக் காது கேட்ட ஒரே ஆள் பாப்பாதான்.

டாக்டரம்மாவுக்கு மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, சத்தம் இல்லை. ஞானமணியின் வாய் அசைந்தது, ஜெபம் செய்கிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை. முப்பது வருஷம் இந்தக் குறையோடு மல்லுக்கட்டிவிட்டு இன்றைக்குத்தான் அதற்குள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறோம், இந்த இடத்திலிருந்துதான் அத்தனை பிள்ளைகளும் தன் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தார். அந்த முகம் சிரித்த முகமாக இருந்திருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டார். பாப்பாவைப் பார்த்துச் சிரித்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முத்துப்போல் மினுங்கும் அந்தச் சவ்வில் துளையைப் போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. பாப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா மனசுக்குள் பத்து எண்ணினார், இருபது எண்ணினார். கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போது பாப்பாவின் தலை திரும்பியது. கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கூப்பிட்ட ஆளைக் காணோம். மறுபடி தலை நிமிர்ந்தது. மூன்றாவது தடவை அவள் தேடவில்லை. கையை உயர்த்தி, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, உதடு பிரித்து, "இருக்கேன்" என்றாள். டாக்டரம்மா அதைக் காதால் கேட்கவில்லை, உதட்டில் படித்தார். அதன் பிறகு பாப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தாள், யாரோ குனிந்து காதோரம் பேசும்போது பிள்ளைகள் தோளை ஒடுக்கிக்கொள்வார்களே, அப்படி ஒடுக்கிக்கொண்டு, கண்ணை மூடிச் சிரித்தாள்.

கதவைத் திறந்து அவளே வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் இருபது பேரும் காதிலிருந்த பசையைப் பிடுங்கினார்கள். மேகலா, என்ன சொன்னார் என்று கேட்டுவிடக் கூடாது என இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாப்பா அத்தையின் முன்னால் வந்து நின்று, தன் நெஞ்சில் கையை வைத்து, "நான் மர... கதம்" என்றாள்.

கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேலே கூப்பிடுகிறவன் உடைக்கிற இடத்தில் உடைத்து, இழுக்கிற இடத்தில் இழுத்துச் சொன்னாள். பாவாயி அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். "இன்னொருக்காச் சொல்லு சாமி" என்றாள். அவள் சொன்னாள். "இன்னொருக்கா." அதையும் சொன்னாள். மூன்றும் ஆனபிறகு, மனசு கேட்காமல், அவள் காதோரம் குனிந்து பாவாயி கேட்டாள்: "அப்புறம் அப்பா என்ன சாமி சொன்னாங்க?"

பாப்பா அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த வார்த்தையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. மேகலா வாயிலிருந்து கையை எடுத்தாள். வாசலில் நின்ற டாக்டரம்மா காதிலிருந்த பசையை இன்னும் எடுக்கவில்லை, அதனால் மேகலா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குச் சட்டென்று தெரியவில்லை.